ஒரே ஊர்க்காரர்கள்

ஃபஹாஹீல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தன்யா அப்பாவுக்கு,

சந்திரகலா எழுதுவது. நானும் தன்யாவும் உடம்பளவில் சுகம். அங்கே உங்கள் அண்ணனும் மதினியும் அனன்யாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அனன்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஜாதகம் பொருந்தியிருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள் என்று மதினி போனில் சொன்னார்கள். பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும். சித்தி விசாரித்ததாக அவளிடம் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. அனன்யாவின் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வடசேரியில் நன்றாகக் கேட்கிறது. கடிதத்தில் அந்தச் சாமர்த்தியம் நடக்காது. மேல்மாடி உஸைர் பாய் வியாழக்கிழமை விமானத்தில் திருவனந்தபுரம் வருகிறார். மறுநாள் காலையில் தக்கலையிலிருந்து வந்து இதை உங்கள் கையிலேயே கொடுப்பார். சேதுமாதவன் சார் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தால இருக்கணும், சாயா குடிச்சிட்டு ஓடிரப்பிடாது என்று ஜுலைஹா பீவி தன் புருஷனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹால் சுவரில் தெறித்திருந்ததைக் கட்டடத்துக் காவல்கார ஹாரிஸ் வெள்ளையடித்துக் கொடுத்தான். பழைய வெள்ளையும் புது வெள்ளையும் சேரவில்லை. சோபாவுக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு அது தனியாகத் தெரிகிறது. தன்யா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். நம் கத்தியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் புதிதாக ஒன்று வாங்கினேன். அதைக் கையில் எடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. காய்கறியைக் கடையில் நறுக்கிய பாக்கெட்டாகவே வாங்கிக்கொண்டு வருகிறேன். வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடாமல் நின்றுவிட்டது. நின்ற உடனே எதிர் ஃபிளாட் கதவைத் தட்டப் போய்விட்டேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கிய பிறகுதான் நெர்மின் அங்கே இல்லை, காவலில் இருக்கிறார் என்று உறைத்தது.

அவர் காவலில் இருக்கிறார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொலை முயற்சி என்று வழக்கு. நம் வீட்டு விருந்துக்கு வந்த இடத்தில், காரணமே இல்லாமல், சாப்பிட உட்கார்ந்த ஒருவரைக் கத்தியால் குத்தினார் என்பது குத்துப்பட்ட மிலானின் தரப்பு சொல்வது. அதை இல்லையென்று சொல்லக்கூடிய ஒரே பெரிய மனிதர், அப்பளம் எடுப்பதற்காக அடுக்களைக்குப் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று மக்ஃபர் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பெனி கொடுத்த அவசர லீவில் நாகர்கோவிலில் இருக்கிறார்.

அடுக்களையில் இருந்தது நான். அப்பளம் பொரித்ததும் நான். என் பக்கத்தில் நீங்கள் இல்லை.

அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்போது இவள் எதற்கு விவரிக்கிறாள் என்று கேட்காதீர்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த வாக்குமூலப்படி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது அல்லவா? அதனால் தன்யா பார்த்ததையும் நெர்மின் என்னிடம் சொன்னதையும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். தெரியாதவர் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஊர் கேட்கும் வியாதி உண்டு. கல்யாணமான புதிதில் எனக்கு அது பிடித்திருந்தது. எவரைப் பார்த்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுக்குப் பக்கம் என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். மீன் மார்க்கெட்டில் ஒருவர் சாளை கேட்ட தினுசை வைத்தே இரணியல்காரர் என்று கண்டுபிடித்தீர்கள். உடையப்பனையும் மணிகண்டனையும் நம் ஹாலில் சந்திக்கவைத்தீர்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்று தெரிந்து அழுதே விட்டார்கள். இன்றைக்கு உடையப்பன் தம்பிக்கு மணிகண்டன் தங்கையைக் கட்டிவைத்து, குழந்தையும் பிறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கையையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துவைத்து, நம்ம ஊர் பயலாக்கும் என்று சொல்வீர்களே, அப்போது உங்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கவே நான் விருந்து சமைத்திருக்கிறேன். இந்த அரபு நாட்டுப் பாலைவனத்தில் ஊர்க்காரன் கிடைத்தால் கடவுள் கிடைத்த மாதிரி என்பது நமக்கெல்லாம் உள்ள நினைப்பு. அது எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள்.

நெர்மின் எதிர் வீட்டில் ஒற்றை ஆண்பிள்ளையாக மூன்று வருஷம் இருந்தும் பிடி கொடுக்கவே இல்லை. பாஸ்னியா என்பார். ஆற்றங்கரையில் ஒரு ஊர் என்பார். குடும்பம் என்றால் மாஃபி, இல்லை என்று கையை விரிப்பார். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிடுவார், என்னை சிஸ்டர் என்பார், நம் வீட்டு மெஷின்களையெல்லாம் பழுதுபார்த்துவிட்டுக் காசு வாங்காமல் போவார். உங்களுக்கு அவர் ஊர் கிடைக்காதது தீராத குறையாக இருந்தது. பிறகு உங்கள் சைட்டுக்கு ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டராக மிலான் வந்தார். அவருடைய கேட் பாஸ் பேப்பரில் பிறந்த ஊரைப் பார்த்தீர்கள். நெர்மின் முன்பு சைட்டுக்கு மெஷின் ரிப்பேருக்கு வந்தபோது கொடுத்த பேப்பரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ஒரே ஊர். அன்று சாயங்காலம் சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு வந்தீர்கள்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், அந்தப் பக்கமெல்லாம் பெரிய சண்டை நடந்த இடம் என்று நான் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முந்திய கதை, இரண்டு பேரும் பேசுவது ஒரே பாஷை, சர்ப்ரைஸ் கொடுத்தால்தான் ருசி என்று சிரித்தீர்கள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவியலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டேன்.

அந்தச் சண்டையைப் பற்றி தன்யா இப்போது எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. யூகோஸ்லாவியா என்று நாம் பள்ளிக்கூட அட்லஸில் பார்த்த நாடு துண்டு துண்டாக உடைந்தது. பாஸ்னியாவில் முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோவேஷியர்கள் என்று மூன்று வகை மக்கள். பேசுவது ஒரே பாஷை. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்தவர்கள். தொண்ணூற்றிரண்டில் சண்டை மூண்டது. சரயேவோ என்ற பெரிய நகரத்தை மலை மேலிருந்து வளைத்துக்கொண்டு கிட்டத்தட்ட நான்கு வருஷம் சுட்டார்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களை, ரொட்டிக்கு நின்றவர்களை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தவர்களைச் சுட்டார்கள். கடைசி வருஷம் ஸ்ரெப்ரெனிட்சா என்ற இடத்தில் சில நாட்களுக்குள் எட்டாயிரம் ஆண்களையும் பையன்களையும் பிரித்தெடுத்துக் கொண்டுபோய்க் கொன்று புல்டோசரால் மூடினார்கள். பிறகு அகப்படாமல் இருக்க அந்தக் குழிகளையே தோண்டி எலும்புகளை வேறு வேறு இடத்தில் மாற்றிப் புதைத்தார்கள். மொத்தம் ஒரு லட்சம் பேர். எல்லாத் தரப்பிலும் கொலை செய்தவர்கள் இருந்தார்கள், எல்லாத் தரப்பிலும் செத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அதிகம் செத்தவர்கள் நெர்மினுடைய ஆட்கள் என்று தன்யா சொல்கிறாள். இன்றைக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் எலும்பு கிடைக்கவில்லையாம்.

போன வாரம் நெர்மினைப் பார்த்தேன். அவர்கள் தூதரகம் ஏற்பாடு செய்த வக்கீல் ஆபீஸ்காரர், ஓர் எகிப்துக்காரர், அனுமதி வாங்கிக்கொடுத்தார். துணைக்கு ஜுலைஹா பீவி வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் பேசினார். முன்கையில் நீளமாகத் தையல். முதலில் தன்யாவைத்தான் விசாரித்தார். அவள் முன்னால் அப்படி நடந்ததற்கு மன்னிக்கச் சொன்னார். மூன்று வருஷமாகச் சொல்லாததையெல்லாம் பிறகு சொன்னார்.

அவர் ஊர் சின்னது. ஒரு பாலம், ஒரு மரமில், ஒரு பள்ளிக்கூடம். அவர் அப்பா மரமில்லில் மேஸ்திரி. அண்ணன் பெயர் அத்னான். செர்பியரான மிலானும் அத்னானும் ஒரே வகுப்பு, பக்கத்து வீடு. நெர்மின் இவர்கள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த சின்னவர், அப்போது பதினாறு வயது. அந்த வருஷம் ஊரைச் செர்பியத் தரப்பு பிடித்துக்கொண்டது. முஸ்லிம் வீடுகள் ஜன்னலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்று ரேடியோவில் உத்தரவு வந்தது. பிறகு மில்லில் அவர்களை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பிறகு ஆண்களைப் பிடித்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஹாலில் அடைத்தார்கள். நாற்காலிக் கால்களை உடைத்து அதனால் அடித்தார்கள். கணக்கு வாத்தியாரை அவரிடம் படித்தவர்களே மண்டை பிளக்கும்வரை அடித்தார்கள். விழுந்தவர்களின் பற்களைப் பெருக்கி அள்ளும் வேலையை நெர்மினின் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் அவரையும் பாலத்துக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்து, நெஞ்சில் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஆறு அந்த வாரம் முழுக்க ஆட்களைக் கொண்டுபோனது என்றார். வீட்டுப் பெண்கள் துணி துவைக்கப் போகவில்லை என்றார்.

துப்பாக்கியோடு வந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். எந்த வீட்டில் யார், எந்த வீட்டில் வயசுப் பையன் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? அதற்கு உள்ளூர்க்காரன் ஒருவன் வேண்டும். ஒவ்வொரு வாசலாகக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நடந்து வந்தவர் மிலான். பத்தொன்பது வயது. துப்பாக்கிகூடக் கையில் இல்லை.

நெர்மினை அம்மா விறகுக் கொட்டகையில் அடுக்கிய கட்டைகளுக்குப் பின்னால் ஒளித்திருந்தார். அத்னான் சோளம் காயப்போடும் பரணில். அந்த இரண்டு இடமும் மிலானுக்குத் தெரியும். மூன்று பேரும் சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய இடங்கள். மிலான் முதலில் கொட்டகைக்குத்தான் வந்தார். கட்டை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். நெர்மினின் கண்ணை நேராகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இங்கே யாருமில்லை என்று சொல்லிவிட்டு, பரணை நோக்கிக் கையைக் காட்டினார்.

அத்னானைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் தலை இடித்துக்கொண்டே வந்த சத்தத்தை நெர்மின் கேட்டார். அம்மா ஒருவன் காலில் விழுந்து பூட்ஸைக் கட்டிக்கொண்டார். அவன் முகத்திலேயே உதைத்தான். அத்னான் எழுந்து உட்கார்ந்து மிலானை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரால் கூப்பிட்டார். கூப்பிட்டு முடிப்பதற்குள் வாயிலேயே சுட்டார்கள். உடலை டிராக்டர் பெட்டியில் மற்றவர்கள் மேல் போட்டுக்கொண்டு போனார்கள். பெட்டிப் பலகையிலிருந்து சொட்டிக்கொண்டே போனது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தெரு வளைவு வரைக்கும் ஓடினார். அங்கே துப்பாக்கிக் கட்டையால் அடித்துத் தள்ளினார்கள். நெர்மின் சத்தம் வராமல் இருக்கத் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த வடுவைக் கண்ணாடியில் வைத்து எனக்குக் காட்டினார். நாம் அதை மெஷினில் அடிபட்ட காயம் என்று நினைத்திருந்தோம்.

அம்மாவும் அவரும் காட்டு வழியாகத் தப்பி, கடைசியில் ஜெர்மனியில் அகதியாக இருந்தார்கள். எங்கேயாவது எலும்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அம்மா ரத்தம் கொடுத்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். அந்த டிராக்டர் எங்கே போனது என்று கேட்டுக் கேட்டே செத்தாராம்.

நீங்கள் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தது இந்த மனிதரைத்தான். தெரிந்து செய்யவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை. தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு.

இனி தன்யா பார்த்தது. அவள் இலை போட்டுக்கொண்டிருந்தாள். மிலான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். விருந்தாளிகள் முன்னால் நீங்களே அறுத்துக் கொடுப்பதற்காக மாம்பழமும் கத்தியும் மேஜைமேல் வைத்திருந்தீர்கள். நெர்மின் பேரீச்சம்பழப் பெட்டியோடு உள்ளே வந்தார். பார்த்தவுடன் பெட்டி கீழே விழுந்தது. அதை நீங்கள் ஆனந்த அதிர்ச்சி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இரண்டு பேர் கையையும் இழுத்துச் சேர்த்துவைத்து, உங்கள் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டீர்கள். நெர்மின் கையை உருவப் பார்த்தார். நீங்கள் விடவில்லை. அப்போது மிலான் மெதுவாக ஏதோ சொன்னார். அது என்னவென்று நெர்மின் என்னிடம் சொன்னார். நீ உயிரோடிருப்பது என்னால்தான், நான்தான் உன்னை விட்டேன், அதை மறந்துவிடாதே என்று சொன்னாராம்.

நெர்மின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அத்னானை எங்கே போட்டீர்கள்? மிலான் கையை உருவிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். நெர்மின் வழியை மறித்து நின்று மறுபடி கேட்டார். மறித்தது உண்மை, அதையும் சொல்லிவிடு சிஸ்டர் என்று நெர்மினே என்னிடம் சொன்னார். அப்போதும் அவர் கை ஓங்கவில்லை. மிலான்தான் பின்னால் எட்டிக் கத்தியை எடுத்தார். எடுத்து வீசி வெட்டினார். நெர்மினின் முன்கை முழங்கை வரைக்கும் பிளந்து தன்யாவின் சட்டையில் ரத்தம் அடித்தது. நீங்கள் அப்போதுதான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டீர்கள். எதுவரைக்கும் பார்த்தீர்கள், எப்போது கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

பிறகு நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. நெர்மின் கத்தியைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகு நிறுத்தவில்லை. தோளில் குத்தினார், வயிற்றில் குத்தினார், கழுத்தோரத்தில் குத்தினார். மிலான் மேஜையைப் பிடித்துக்கொண்டே சரிந்தபோது விரிப்போடு இலையும் சோறும் அவர் மேலேயே விழுந்தன. நான் ரசத்தோடு வெளியே வந்தபோது அவர் நெஞ்சின் மேல் நெர்மின் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டைக் கழுத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். கழுத்தை நெரிக்கிறார் என்று நினைத்துத்தான் நான் அலறினேன். அவர் ரத்தத்தை நிறுத்தத்தான் அமுக்கியிருக்கிறார். இரக்கப்பட்டுச் செய்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். இல்லை, அவன் செத்துவிட்டால் நான் யாரிடம் கேட்பது என்றார். என்ன காரணமோ, அந்த அமுக்கலால்தான் மிலான் பிழைத்தார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மிலானையும் போய்ப் பார்த்தேன். நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் அல்லவா? கழுத்தில் கட்டு, குரல் காற்றாக வருகிறது. அவரும் அழுதார். தன் அப்பாவின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓர் ஆளாவது காட்டு என்றார்களாம். சின்னவனாவது பிழைக்கட்டும் என்றுதான் பெரியவனைக் காட்டினேன் என்றார். எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. எங்கே புதைத்தீர்கள் என்று நானும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். புறப்படும்போது மட்டும், உங்கள் கணவர் நல்ல மனிதர், அவர் எதையும் பார்க்கவில்லை, நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார்.

சொல்லிவிட்டேன். அந்த நன்றி உங்களுக்கு இனிக்கிறதா?

எனக்கும் பயம் தெரியும். மிலானுடைய கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் கம்பெனிக்கு வேலை, இந்த ஊரில் கேஸ் என்று வந்தால் இங்கே தங்குவதற்கான இக்காமா நிலைக்குமா, தன்யாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. எல்லாம் எனக்குத் தெரியும். மக்ஃபரிலிருந்து வந்து கையைக் கழுவிக் கழுவி நின்றீர்களே, அன்று உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் அந்த ஊரில் கையை நீட்டிக் காட்டியவனும் பயந்தவன்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களும் பயந்தவர்கள்தான். கெட்டவர்கள் பத்துப் பேர்தான் இருந்தார்கள், பாக்கி எல்லோரும் நல்ல மனிதர்கள், அவர்கள் எதையும் பார்க்கவில்லை என்று நெர்மின் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் உங்களை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

அவர் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சேது பாய்க்குக் குடும்பம் இருக்கிறது, அவரைத் தொந்தரவு செய்யாதே என்றார். திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். தன்யா வக்கீலிடம் பேசிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, தானாகவே எதிர் ஃபிளாட் கதவில் ஒட்டியிருந்த வக்கீல் ஆபீஸ் நோட்டீஸில் நம்பர் பார்த்துப் பேசினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை விசாரணை அதிகாரி முன்னால் அவள் பார்த்ததைச் சொல்லப் போகிறாள். மிலான் முதலில் கத்தியை எடுத்தார் என்பது நிரூபணமானால் வழக்கின் கனமே மாறிவிடும், இல்லையென்றால் நெர்மின் வெளியே வரும்போது கிழவராகிவிடுவார் என்று வக்கீல் சொல்கிறார். சின்னப் பெண் சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்பார்கள் என்பது அவருக்கே சந்தேகம்தான். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார். அவளிடம் முதலில் கேட்கப் போவது, உன் அப்பா அப்போது எங்கே இருந்தார் என்றுதான். அவள் உண்மையைச் சொன்னால் நீங்கள் பொய் வாக்குமூலம் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். அதற்கு முன்னால் நீங்களாகவே வந்து, அதிர்ச்சியில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்திக்கொடுத்தால் அவ்வளவு கடுமையாகப் பார்க்க மாட்டார்கள் என்கிறார். வேலை போகலாம். போகட்டும். நாகர்கோவிலில் ஜனங்கள் சாப்பிடாமலா இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை காலை இது உங்கள் கைக்கு வரும். சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

அவளைத் தடுத்து நிறுத்து என்று போன் செய்யாதீர்கள். நான் தடுக்க மாட்டேன். நீங்கள் வரவில்லையென்றால் அவளை நானே கூட்டிப்போய், அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வாரமெல்லாம் அவள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டுப் பேசிப் பார்க்கிறாள். நான் வெளியே நின்று கேட்கிறேன். மிலான் கத்தியை எடுத்ததைச் சொல்கிறாள், ரத்தம் தெறித்ததைச் சொல்கிறாள், குரல் நடுங்குவதே இல்லை. அதற்கடுத்து, என் அப்பா என்று தொடங்குகிறாள். அதோடு நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாள். மறுபடியும் அந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

நாகராஜா சாமி உங்களுக்குத் துணையிருக்கட்டும். பிள்ளையை அந்த வாக்கியத்தைச் சொல்லவைத்துவிடாதீர்கள். அவள் சொல்வதற்கு முன்னால் வந்து நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்காகச் சனிக்கிழமை உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடப்போகும்
சந்திரகலா